ஆயிரத்தில் மூவர்தாமா?

ஆயிரத்துக்கு மூவர்! வேலூரை அடுத்த சிற்றூர்களில், 65 வயதைக் கடந்தோரை வீடு வீடாகச் சென்று ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த கணக்கு இது. எதற்கான கணக்கு? முதுமையில் மூளையை அரித்து, நினைவைப் பறித்து, நாளடைவில் பேச்சையும் நடையையும் பறித்து, பெற்ற பிள்ளையையே “நீ யாரப்பா?” என்று கேட்க வைக்கும் நோய் ஒன்று இருக்கிறதே, அந்த நோய்க்கு ஆளானவர்களின் கணக்கு. மருத்துவர்கள் அதனை டிமென்ஷியா என்பர். நாம் மறதி நோய் என்போம். அதே ஆய்வில், அதே அளவுகோலால் அளந்தபோது, கியூபாவில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல் நோயாளிகள் இருந்தனர். நம் சிற்றூர்களிலோ நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை; ஆயிரத்துக்கு மூன்று பேர்தாம்!

கேட்டதும் நெஞ்சு நிமிர்கிறதல்லவா? “பார்த்தீர்களா நம் மண்ணின் மாண்பை! களியும் கீரையும் உண்டு, கழனியில் உழைத்து, பேரன் பேத்தியரோடு கூடி வாழும் நம் முதியோரை இந்த நோய் அண்டுமா? இஃது அயல்நாட்டார் நோய்!” என்று மேடையேறி முழங்கத் தோன்றுகிறதல்லவா?

பொறுங்கள்! கைதட்டல் எழுவதற்கு முன் அந்த ஆய்வின் மறுபாதியையும் படித்துவிடுங்கள். அதே முதியவர்களை அதே ஆய்வாளர்கள் இன்னோர் அளவுகோலாலும் அளந்தனர். எழுத்தறியாதோர் என்பதற்காக எவரையும் நோயாளி ஆக்கிவிடாமலும், வீட்டார் சொல்லத் தவறினர் என்பதற்காக எவரையும் விட்டுவிடாமலும் இருக்கும்படி, வளரும் நாடுகளுக்கென்றே செய்த அளவுகோல் அது. அதனைக் கொண்டு பார்த்தபோது கியூபா, டொமினிக்கன் குடியரசு, வெனிசுவேலா, பெரு, மெக்சிகோ, சீனா, இந்தியா ஆகிய ஏழு நாடுகளிலும் ஆய்வு நடந்த எந்த இடத்திலும் நோயாளிகள் நூற்றுக்கு 5.6க்குக் குறையவில்லை, மிகுந்த இடத்தில் 11.7 வரை இருந்தனர்.

ஆக, நோயாளிகள் இருந்தனர். திண்ணையில் இருந்தனர், கயிற்றுக் கட்டிலில் இருந்தனர், பூட்டிய அறையிலும் இருந்தனர். கணக்கில் மட்டும் இல்லை!

ஏன் இல்லை? முதல் அளவுகோல் வீட்டாரை ஒரு கேள்வி கேட்டது. “நினைவு குன்றியதால் இவருடைய அன்றாட வாழ்வு கெட்டிருக்கிறதா? முன்பு செய்துவந்த செயல்களைச் செய்ய இயலாமற் போயிற்றா?” என்பது அந்தக் கேள்வி. வீட்டார் என்ன சொன்னார்கள்? “அப்படி ஒன்றும் இல்லை ஐயா! வயதாகிவிட்டது, அவ்வளவுதான்.” அந்த ஒரு சொல்லில் நோயாளி மறைந்துபோனார். வளரும் நாட்டு மறதி நோயாளியின் முதல் இலக்கணம் இதுவே: அவர் நோயாளி என்று அவருக்கும் தெரியாது, வீட்டுக்கும் தெரியாது, அரசுக்கும் தெரியாது.

அந்த ஆய்வுக் குழுவின் பெயரே நமக்கொரு பாடம். 10/66 என்று பெயர். 1998இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் அமைத்த குழு அது. அந்நாளில் மறதி நோயாளிகளில் நூற்றுக்கு 66 பேர் வளரும் நாடுகளில் வாழ்ந்தனர். நோயைப் பற்றி மக்களிடையே நடந்த ஆராய்ச்சியிலோ நூற்றில் பத்துப் பங்குகூட அந்நாடுகளுக்கு இருக்கவில்லை. அந்த அநீதியைத்தான் பெயராகச் சூட்டிக்கொண்டனர். நோய் ஏழை நாட்டில். ஆராய்ச்சி பணக்கார நாட்டில்!

எண்ணிப் பாருங்கள். நகரத்தில், வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் காசோலையில் கையெழுத்தைப் பிழையாகப் போடுகிறார். அன்றே வீடு விழித்துக்கொள்கிறது. மகன் மருத்துவரைத் தேடுகிறான்; தலையைப் படமெடுத்துப் பார்க்கிறார்கள். சிற்றூர் மூதாட்டிக்குக் காசோலை ஏது? கையெழுத்து ஏது? அடுப்படி என்றோ மருமகள் கைக்குப் போய்விட்டது. நியாயவிலைக் கடைக்குப் பேரன் போகிறான். நாற்று நடவும் களை எடுக்கவும் இடுப்பு இடந்தருவதில்லை. திண்ணையில் அமர்ந்திருப்பது ஒன்றே அவருக்கு மிஞ்சிய வேலை. திண்ணையில் அமர்ந்திருக்க நினைவாற்றல் எதற்கு? எனவே நினைவு போனதும் எவர் கண்ணிலும் படுவதில்லை. வாழ்வு எந்த அளவுக்குச் சுருங்கிக் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு எளிதாக நோய் அதில் ஒளிந்துகொள்கிறது.

பின்னர் எப்போது வெளிப்படுகிறது? வீட்டில் சண்டையாக வெளிப்படுகிறது! உண்டு கை கழுவிய மூதாட்டி, கால் மணி நேரம் கழித்துப் பக்கத்து வீட்டு வாயிலில் போய் நிற்கிறார்: “எனக்குச் சோறு போடமாட்டேன் என்கிறாள்!” சுருக்குப் பையைத் தாமே தலையணைக்கு அடியில் மறைத்துவிட்டு, “மருமகள் திருடிவிட்டாள்!” என்று தெருக்கேட்கக் கூவுகிறார். பகலெல்லாம் உறங்கி, இரவெல்லாம் விழித்து, “என் வீட்டுக்குப் போகவேண்டும்” என்று கதவைத் தட்டுகிறார். அவர் தேடும் வீடு அறுபது ஆண்டுகளுக்கு முன் அவர் பிறந்து வளர்ந்த வீடு. குளிக்க மறுக்கிறார். ஆடை நனைவதை அறியாதிருக்கிறார். ஏரிக்கரைக்குப் போனவருக்கு நாற்பது ஆண்டுகள் நடந்த பாதை தெரியாமற் போகிறது. மகளை ‘அம்மா’ என்று அழைக்கிறார்.

இவை எல்லாம் நோயின் குறிகள், தோழர்களே! மூளையில் நேர்ந்த பழுதின் குறிகள். ஆனால் ஊர் என்ன சொல்கிறது? “கிழவிக்குக் கொழுப்பு” என்கிறது ஒரு வாய். “மருமகள் கொடுமைக்காரி” என்கிறது இன்னொரு வாய். நோயாளிக்கும் பழி, நோயாளியைப் பேணுகிறவளுக்கும் பழி! நோயென்று அறியாத இடத்தில் குற்றவாளியைத் தேடுகிறார்கள். குற்றவாளியாக அகப்படுகிறவள் வீட்டிலேயே எளியவளான பெண்.

மொழிகளைப் பாருங்கள். வட இந்தியாவில் ‘சட்டியா கயா’ என்பர். அறுபது ஆகிவிட்டது என்பது பொருள். கேரளத்தில் ‘சின்னன்’ என்பர். சிறுபிள்ளைத்தனம் என்பது பொருள். யாழ்ப்பாணத்தில் ‘அறளை பெயர்ந்துவிட்டது’ என்பர். ஆக, மக்கள் இந்த நிலையைக் காணாதவர்கள் அல்லர். கண்டிருக்கிறார்கள், பெயரும் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயர்களுள் ஒன்றுகூட நோயின் பெயர் அன்று. எல்லாம் வயதின் பெயர். வயதுக்கு மருத்துவர் ஏது? மருந்து ஏது? வயதுக்காக அரசின் கதவை எவன் தட்டுவான்?

வீட்டார் அறியாமையைச் சொல்லிவிட்டோம்; அறிவாளிகளின் அறியாமையையும் சொல்லத்தான் வேண்டும். இந்த நோயைக் கண்டறிய உலகெங்கும் கையாளும் கேள்வித்தாள் ஒன்று 1975இல் அமெரிக்காவில் பிறந்தது. இன்று தேதி என்ன? நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே வா. இந்த வரியைப் படித்து அதன்படி செய். ஒரு வாக்கியம் எழுது. இவையெல்லாம் அதிலுள்ள கேள்விகள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத ஒருவரிடம் இந்தத் தாளை நீட்டினால் என்ன ஆகும்? நோயே இல்லாதவரும் தோற்றுப்போவார். கல்வி மறுக்கப்பட்டதற்கு நோயாளிப் பட்டமும் சேர்ந்துகொள்ளும்!

அரியானாவில் பல்லப்கட் என்னும் ஊர்ப்புறத்தில் பணியாற்றிய ஆய்வாளர்கள் 1990களில் இதற்கு வழி கண்டனர். தேதிக்கு மாறாக, “இப்போது காலையா, நண்பகலா, மாலையா?” என்று கேட்டனர். எழுத்தைத் தலைகீழாகக் கூட்டச் சொல்வதற்கு மாறாக, கிழமைகளைப் பின்னிருந்து சொல்லச் சொன்னார்கள். ‘கண்ணை மூடு’ என்ற வரியைப் படிக்கச் சொல்வதற்கு மாறாக, “என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்” என்றார்கள். ஒரு வாக்கியம் எழுதுவதற்கு மாறாக, “உங்கள் வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுங்கள்” என்றார்கள். எவ்வளவு எளிது! ஏழையின் வாழ்வுக்குள் புகுந்து கேட்டால் ஏழையின் அறிவு புலப்படும். புகாமல் கேட்டால் கேட்பவரின் அறியாமைதான் புலப்படும்.

“இதுவெல்லாம் வசதி படைத்தோர் கவலை. பசியும் வேலையின்மையும் வாட்டும் நாட்டில் கிழவர்களின் மறதியைப் பேச நேரமா?” என்று கேட்கும் நண்பரும் நம்மிடையே உண்டு. அவருக்கு விடையாக, இந்தியா முழுமைக்கும் எடுத்து 2023இல் வெளிவந்த ஆய்வின் கணக்கைத் தருகிறேன். 60 வயதைக் கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு இந்த நோய். ஆள்கணக்கில் 88 இலட்சம். நகரத்தில் நூற்றுக்கு 5.3, சிற்றூரில் 8.4. ஆண்களில் 5.8, பெண்களில் 9. யாருடைய நோய் இது? மாளிகைவாசியின் நோயா? இல்லை! சிற்றூர் நோய், பெண்களின் நோய், ஏட்டைத் தொட விடாமல் தடுக்கப்பட்டவர்களின் நோய்.

ஆம், ஏடு! இளமையில் பெற்ற கல்வி முதுமையில் மூளைக்கு அரணாக நிற்கிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மை. 1951ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கைப் புரட்டுங்கள். இந்தியாவில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 18 பேர். பெண்களில் நூற்றுக்கு 9 பேர்கூட இல்லை. அந்நாளில் பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய சிறுமி, மாடு மேய்க்கவும் தம்பியைத் தூக்கிச் சுமக்கவும் அனுப்பப்பட்ட சிறுமி, இன்று எண்பதை எட்டும் மூதாட்டி. அன்று கையிலிருந்து பறித்த பலகைக்கு இன்று வட்டியும் முதலுமாக அவர் மூளை கப்பம் கட்டுகிறது. சாதியின் பேரால், பெண் என்பதன் பேரால் மறுக்கப்பட்ட கல்வி எழுபது ஆண்டுகள் கழித்து நோயாகத் திரும்பி வந்து வாசலில் நிற்கிறது. இஃது அரசியல் அன்றி வேறென்ன?

அடுத்து, நம் மேடைகளில் முழங்கும் மற்றொரு பெருமைக்கு வருவோம்: கூட்டுக் குடும்பம்! “மேலைநாட்டான் பெற்றோரை இல்லத்தில் தள்ளுகிறான், நாம் இல்லத்திலே வைத்துத் தாங்குகிறோம்” என்கிறோம். தாங்குகிறோம், உண்மை. தாங்குவது யார்? இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா, இலத்தீன் அமெரிக்கா, கரீபியன், ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளில் 24 இடங்களில், 706 நோயாளிகளையும் அவர்களைப் பேணுவோரையும் கண்டு 10/66 குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது: பேணுவோரில் பெரும்பாலோர் பெண்கள். பெரும்பாலோர் நோயாளியோடு ஒரே கூரையின் கீழ்க் கூட்டுக் குடும்பமாக வாழ்பவர்கள். வீட்டில் ஆட்கள் கூடினால் சுமை ஓரளவு குறைந்ததும் மெய்தான். ஆயினும், மொத்தத்தில் அவர்கள் பட்ட மன உளைச்சல் பணக்கார நாட்டினர் படுவதற்கு எள்ளளவும் குறைந்ததாக இல்லை! பலர் வேலையைக் குறைத்துக்கொண்டனர். மிக ஏழையான நாடுகளின் குடும்பங்களே தனியார் மருத்துவரிடம் அதிகமாகப் போய்ப் பணத்தைக் கொட்டின.

‘குடும்பம் பார்த்துக்கொள்ளும்’ என்பது இனிய தொடர். அதன் பொருள் என்ன தெரியுமா? ஒரு மருமகள், அல்லது ஒரு மகள், அல்லது தாமே எழுபதைக் கடந்த ஒரு மனைவி பார்த்துக்கொள்வாள் என்பதுதான் பொருள். நூறுநாள் வேலைக்குப் போயிருந்தால் கூலி. பீடி சுற்றியிருந்தால் கூலி. இரவும் பகலும் நோயாளியைக் கழுவித் துடைத்து ஊட்டிக் காப்பதற்குக் கூலி ஏதும் இல்லை, விடுமுறையும் இல்லை, ஒரு நல்ல சொல்லும் இல்லை. உலகெங்கும் மறதி நோயாளிகளைப் பேணும் நேரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கு பெண்களுடையது என்று உலக நலவாழ்வு நிறுவனமே கணக்கிட்டிருக்கிறது. பண்பாட்டைப் புகழ்கிறவர்கள், அந்தப் பண்பாட்டின் முதுகில் அரசு தன் கடமையை ஏற்றிவிட்டுக் கைவீசி நடப்பதைக் காண்பதில்லை.

அரசு தரும் முதியோர் ஓய்வூதியத்தைப் பாருங்கள். 2007இல் 65 வயதைக் கடந்த ஏழைக்கு மத்திய அரசு மாதந்தோறும் தருவதென ஏற்ற பங்கு 200 ரூபாய். பின்னர் வயது வரம்பு 60 ஆயிற்று. 80ஐக் கடந்தோர்க்கு 500 ரூபாய் ஆயிற்று. ஆனால் அந்த 200, விலைவாசி விண்ணைத் தொட்ட பின்னும், நாடாளுமன்றக் குழுக்களே உயர்த்துமாறு மீண்டும் மீண்டும் கேட்ட பின்னும், 2024 வரை 200ஆகவே நின்றது! மாநிலங்கள் தம் பங்கைச் சேர்த்துத்தான் அந்தத் தொகைக்குச் சற்றே உயிர் கொடுத்தன.

கடலுக்கு அப்பால் நிலைமை என்ன? 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற புதிய மருந்து ஒன்றுக்கு ஆண்டுக்கு 26,500 டாலர் என்று விலை வைத்தனர். அதுவும் நோயைத் தீர்ப்பதன்று. தொடக்க நிலையில் அதன் போக்கைச் சற்றே மெதுவாக்குவது. ஓராண்டு மருந்துக்கு 26,500 டாலர் ஒரு பக்கம். ஒரு மாத வாழ்வுக்கு 200 ரூபாய் மறு பக்கம். இரண்டுக்கும் நடுவே நிற்கிறார் நம் மூதாட்டி.

“தீராத நோய் என்கிறீர், பின் என்னதான் செய்வது?” என்பீர்கள். செய்வதற்கு நிறையவே இருக்கிறது!

முதலாவதாக, மறதியெல்லாம் தீராத நோய் அன்று. தைராய்டுக் குறை, பி12 உயிர்ச்சத்துக் குறை, கடும் மனச்சோர்வு ஆகியனவும் இதே வேடம் பூண்டு வரும். இவற்றுக்கு மருந்து உண்டு, விலையும் குறைவு. ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லித் திண்ணையிலே விட்டுவிட்டால், தீரக்கூடியவரும் தீராதவராகிறார்.

இரண்டாவதாக, வருமுன் காக்கலாம். உலக மருத்துவ அறிஞர் குழு ஒன்று 2024இல் பதினான்கு காரணங்களைப் பட்டியலிட்டது. கல்விக் குறைவு, இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகை, மது, காது கேளாமை, கண் பார்வைக் குறை, தனிமை, காற்று மாசு ஆகியன அவற்றுள் அடங்கும். பதினான்கையும் களைந்தால் உலகில் நூற்றுக்கு 45 பேரை இந்த நோயிலிருந்து காக்கவோ நோயைத் தள்ளிப்போடவோ இயலும் என்றது. பட்டியலைப் பாருங்கள்: பள்ளிக்கூடம், இரத்தக் கொதிப்பு மாத்திரை, மூக்குக்கண்ணாடி, காதுக் கருவி, தூய காற்று. இவை ஆய்வுக்கூடத்து அதிசயங்களா? நல்லாட்சியின் அன்றாடக் கடமைகள்!

மூன்றாவதாக, பேணுகிறவளைப் பேணலாம். கோவாவில் 81 குடும்பங்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. 2008இல் முடிவு வெளிவந்தது. மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளுக்குச் சிறு பயிற்சி தந்து வீடுகளுக்கு அனுப்பினர். இது நோய், சூழ்ச்சி அன்று என்று வீட்டாருக்கு விளக்கினார்கள். சினங்கொண்ட நோயாளியிடம் வாதாடாமல் பேசுவது எப்படி, இரவு அலைச்சலை எதிர்கொள்வது எப்படி, அரசு உதவியைப் பெறுவது எப்படி என்றெல்லாம் சொல்லித் தந்தார்கள். மனநல மருத்துவர் பின்னிருந்து துணை செய்தார். பேணுவோரின் மனத்துயர் குறைந்தது. மாபெரும் மருத்துவமனை தேவைப்படவில்லை, வாசற்படி ஏறி வந்து, “அம்மா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும் ஒரு மனிதக் குரல் தேவைப்பட்டது.

இதற்கான ஆட்கள் நம்மிடம் இல்லையா? ‘ஆஷா’ பணியாளர்கள் இருக்கிறார்கள். 2021இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்தைக் குடிசை வாயிலுக்கே கொண்டு சென்றதே! மருந்தோடு போகிறவர் மறதியைப் பற்றியும் நான்கு கேள்வி கேட்கக் கூடாதா? முதியோர் நலவாழ்வுக்கான தேசியத் திட்டம் 2010இல் தொடங்கி, மாவட்ட மருத்துவமனை தோறும் முதியோர்க்குப் பத்துப் படுக்கை என்றது. அந்தப் படுக்கை உங்கள் மாவட்டத்தில் இருக்கிறதா? இருந்தால் மறதி நோயாளிக்கு அங்கே இடமுண்டா? போய்ப் பார்த்தீர்களா?

இங்கேதான் தோழர்களே, உங்களிடம் நேராகப் பேச வேண்டியிருக்கிறது. எந்தத் தெருவில், எந்த வீட்டில், எந்த முதியவர் இருக்கிறார் என்பதை உங்களைவிட அறிந்தவர் யார்? தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைக் கையிலேந்தி ஒவ்வொரு படியிலும் ஏறி இறங்குகிறீர்கள். நடக்க இயலாதவரை நாற்காலியில் தூக்கிச் சென்று வாக்குச் சாவடியில் அமர்த்துகிறீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 80 வயதைக் கடந்தோருக்கும், 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயதைக் கடந்தோருக்கும் வாக்குச்சீட்டே வீடு தேடிச் சென்றது. வாக்குச்சீட்டு ஏறிய படியில் மருத்துவம் ஏறக்கூடாதா? வாக்குக்காகத் திறந்த கதவு, வாக்கு எண்ணி முடித்ததும் மூடிக்கொள்ளலாமா?

ஆகவே கிளைதோறும் பேசுங்கள். தொடக்க நலவாழ்வு நிலையத்தில் முதியோரின் நினைவாற்றலைச் சோதிக்க, எழுத்தறியாதவருக்கும் ஏற்ற கேள்விகளோடு, வழி செய்யுமாறு கோருங்கள். ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேரப் பேணகம் கேளுங்கள்; காலையில் நோயாளியை அங்கே விட்டுவிட்டு, மருமகள் வேலைக்குப் போய்வரட்டும். வீட்டில் பேணுகிற பெண்ணுக்கு உதவித்தொகை கேளுங்கள்; அது கருணை அன்று, அரசு செய்யத் தவறிய வேலைக்கு அவளுக்குத் தரவேண்டிய கூலி. ஓய்வூதியத்துக்காகக் கைரேகை வைக்க மறந்தவரை அலைய வைக்காமல், அலுவலர் வீட்டுக்கு வரவேண்டும் என்று கேளுங்கள்.

கேட்பதோடு நில்லாதீர்கள், நாமும் திருந்துவோம். எதிர்க்கட்சித் தலைவரை ஏசுவதற்கு, “அவருக்கு அறிவு மழுங்கிவிட்டது, வயதாகிவிட்டது” என்று நம் பேச்சாளர் மேடையில் நையாண்டி செய்யும்போது, கூட்டத்தின் கடைசி வரிசையில் நிற்கும் ஒரு பெண், நோயுற்ற தன் மாமியாரை வீட்டில் உறங்கவைத்துவிட்டு வந்த பெண், தலைகுனிகிறாள். நோய் வசைச்சொல்லாக இருக்கும் வரையில் எந்தக் குடும்பம் நோயை வெளியில் சொல்லும்? சொல்லாத நோயை எந்தக் கணக்கு எண்ணும்?

உலகில் 2021இல் 5 கோடியே 70 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது என்றும், அவர்களில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் வாழ்கின்றனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. நம் முதியோரின் ஆயுள் நீள்கிறது. நாம் போராடி வளர்த்த நீளம் அது. நீண்ட ஆயுளில் கடைசி எட்டு, பத்து ஆண்டுகள் இருட்டறையில் கழியுமென்றால், அந்த வெற்றியில் பாதி தோல்வி கலந்திருக்கிறது.

ஆயிரத்துக்கு மூவர் என்ற கணக்கு பொய்க் கணக்கு அன்று. அது நம் கண்ணின் கணக்கு. நாம் காண மறுத்தோரைக் கழித்த பின் மிஞ்சிய கணக்கு. அடுத்த முறை பட்டியலைக் கையிலேந்தி ஒரு வீட்டின் படியேறும்போது, பெயரைச் சரிபார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளறையில் இருப்பவரையும் கேளுங்கள். அவரைப் பேணுகிறவளையும் கேளுங்கள். கேட்டதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்தக் குறிப்புகள் கிளைகள்தோறும் குவியட்டும். கோட்டைக்கும் கொண்டு செல்வோம், தில்லிக்கும் கொண்டு செல்வோம். எண்ணப்படாதவரை எண்ண வைப்பதுதானே நம் வேலை!